ஆளுக்கொரு பயம்

“வாயப்பயம்னு சொல்ற வாய்க்கு மைக் எதுக்கும்மா?”

தமிழம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, சாதாரணமாகச் சொன்னார். நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த புதிது. காலை பிரேயரில் பள்ளிச் செய்தி வாசிக்க யாருக்கெல்லாம் விருப்பம் என்று கேட்டதும் முதலில் கையைத் தூக்கியவள் நான்தான். கை தூக்கியவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, “வாழைப்பழம் சொல்லு” என்றார். என் முறை வந்ததும் சொன்னேன். என் காதுக்கு அது சரியாகத்தான் இருந்தது. வகுப்பு சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நானும் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் ழ கிடையாது. எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் மழை மயையாகத்தான் பெய்யும். கோழி கோயியாகத்தான் மேயும். ஏழு ஏயு, கிழக்கு கியக்கு. பழம் பயம்தான். அச்சத்துக்கும் பயம், தின்பதற்கும் பயம். இரண்டையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. “பயம் தின்னுட்டுப் போ” என்று அம்மா சொன்னால் நான் பயந்ததும் இல்லை.

நைனா கைநாட்டு. அம்மாவுக்கு அந்தக் கைநாட்டுக்கும் அவசியம் வந்ததில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசல் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் தமிழம்மா சொன்னது என் வாய்க்கு மட்டும் சொன்னதாக எனக்குப் படவில்லை. எங்கள் வீட்டில் இருக்கிற எல்லா வாய்க்கும் சேர்த்துச் சொன்னதாகப் பட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்தப் பள்ளியை விட்டுப் போவதற்குள் அந்த மைக்கில் ஒரு நாளாவது பள்ளிச் செய்தி வாசித்துவிட வேண்டும்.

பள்ளிச் செய்தி அப்படி என்ன பெரிது என்று கேட்கலாம். எங்கள் பெண்கள் பள்ளியில் பிரேயர் என்றால் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், பேப்பரிலிருந்து உலகச் செய்தி, கடைசியில் பள்ளிச் செய்தி. உலகச் செய்தியை யாரும் கேட்க மாட்டார்கள். எந்த நாட்டில் யார் பதவி ஏற்றாலும் வரிசையில் நிற்பவர்கள் முன்னால் நிற்பவளின் சடையை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். “பள்ளிச் செய்தி” என்றதும்தான் மைதானம் அடங்கும். ஆபீசிலிருந்து வந்த சீட்டு அது. எந்த டீச்சர் லீவு, யாருடைய பீரியடுக்கு யார் வருவார், யாருக்கு மாற்றல், யாருக்குக் குழந்தை, எல்லாம் அதில் இருக்கும். கணக்கு டீச்சர் லீவு என்றால் வரிசைக்குள் ஒரு பெருமூச்சு ஓடும். அந்தப் பீரியடுக்குத் தையல் டீச்சர் வருவார் என்றால் பெருமூச்சு சிரிப்பாக மாறும். அவர் சைக்கிள் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. வகுப்புக்கு வந்தால் ஊசியை எடுக்க மாட்டார், முதல் நாள் எந்தச் சாக்கடையில் விழுந்தார் என்பதைச் சொல்லுவார்.

கோடை விடுமுறையில் கல்யாணமான டீச்சர்கள் ஜூன் மாதம் புது இனிஷியலோடு திரும்பி வருவார்கள். அதுவும் பள்ளிச் செய்தியில் வரும். தீபத் திருவிழாவுக்கு எங்கள் பள்ளியில்தான் வெளியூர்ப் போலீஸ்காரர்களைத் தங்க வைப்பார்கள். விடுமுறை முடிந்து போனால் கரும்பலகையில் யார் எந்தக் கோபுர வாசலில் நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கும், பெஞ்சுக்கு அடியில் பீடித் துண்டு கிடக்கும். அன்றைய பள்ளிச் செய்தியின் முதல் வரி எந்த வருடமும் ஒன்றுதான். “மாணவிகள் வகுப்பறைகளைப் பெருக்கவும்.”

எனக்கு அந்த மைக் மேல் ஆசை வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைக்குக்கான குழாய் ஸ்பீக்கரை மொட்டை மாடியில் தெருவைப் பார்க்கக் கட்டியிருந்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் காய்கறி மார்க்கெட். நைனா காலையில் கத்தரிக்காய் மூட்டையை சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு அங்கேதான் வருவார். எங்கள் பள்ளியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதில் அவர் காதுக்கு எட்டியது அந்த ஸ்பீக்கர் சொன்னது மட்டும்தான்.

என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள் டவுன்காரி. அவளுடைய அப்பா தேரடி வீதிக்குப் பின்னால் டிரங்குப் பெட்டி செய்து விற்கிற கடை வைத்திருந்தார். வீட்டில் அவர்கள் பேசுவது உருது. அவள் “வாழைப்பழம்” என்று சொன்னால் தமிழம்மாவே தலையை ஆட்டுவார். ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கேட்டேன்.

“உனக்கு எப்டிடி வருது? உங்க வூட்ல தமியே பேசறதில்லையே.”

“அதனாலதான் வருது. எங்க உருதுல அந்த எழுத்தே கிடையாது. அஞ்சாங்கிளாஸ்ல எல்லாம் என்னைப் பாத்து ஜாஸ்தி சிரிச்சாங்க. உக்காந்து கத்துக்கிட்டேன். நீ உன்கிட்ட அது இருக்குன்னே நெனச்சிக்கிட்டு இருந்த. அப்புறம் எப்படி வரும்?”

“கத்துக் குடேன்.”

“நாக்கை மடக்கி மேல கொண்டு போ. மேல ஒட்டிட்டா ள. கீழ போட்டுட்டா ய. ஒட்டவும் கூடாது, போடவும் கூடாது. நடுவுல நிக்கணும்.”

“நின்னா வலிக்குதுடி.”

“வலிக்கட்டும். ஆனா மொதல்ல சோத்தை முழுங்கு, என் மேல தெறிக்குது.”

அதிலிருந்து மத்தியானம் எல்லாம் அதுதான் வேலை. அவள் வார்த்தை கொடுப்பாள், நான் திருப்பிச் சொல்லுவேன். கிழவி, கழுதை, புழு, குழம்பு. சரியாக வந்தால் தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு ஆம்லெட் தருவாள். தப்பாக வந்தால் என் ஊறுகாயை எடுத்துக்கொள்வாள். முதல் மாதம் முழுவதும் நான் ஊறுகாய் இல்லாமல்தான் சாப்பிட்டேன்.

பஸ்ஸ்டாண்டில் நின்றபோதும் விடவில்லை. கண்டக்டர்கள் “வியுப்பரம், வியுப்பரம்” என்று கத்துவார்கள். நான் மெல்ல “விழுப்புரம், விழுப்புரம்” என்று சொல்லிப் பார்ப்பேன். ஒரு முறை பக்கத்தில் நின்ற பெரியவர், “அந்தாண்ட நிக்குது பாரு, ஓடு, எடுத்துடப் போறான்” என்று என் புத்தகப் பையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அவரை ஏமாற்ற மனமில்லாமல் அந்த பஸ் வரைக்கும் ஓடிப்போய் திரும்பி வந்தேன்.

வீட்டில்தான் கஷ்டம். ஒரு சாயங்காலம் வானம் கறுத்தபோது நான் வாசலில் நின்று, “மழை வருது” என்றேன். களத்தில் காய்ந்துகொண்டிருந்த வேர்க்கடலையை அள்ளிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாடி, நாக்குல சுட்டுகினியா?”

“இல்லம்மா. அதான் சரி. மழை.”

“மயைன்னு சொன்னா பெய்ய மாட்டேங்குதா? வந்து இதை அள்ளு.”

அள்ளினேன். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எனக்குப் பெய்கிற மழை போதவில்லை, மைக்கில் வாசிக்கிற மழை வேண்டியிருந்தது.

அந்த வருடம் பள்ளிச் செய்தி வாசித்தவள் பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பெண். நல்ல குரல். சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. காலை மணி அடித்த பிறகுதான் அது தெரிந்தது. தமிழம்மா கையில் சீட்டை வைத்துக்கொண்டு மேடைப்படியில் நின்று வரிசைகளைப் பார்த்தார். “யாராச்சும் ஒருத்தி வாங்க, சீக்கிரம்” என்றார். யாரும் அசையவில்லை. என் பின்னால் நின்ற டிரங்குக் கடைக்காரர் மகள் இரண்டு கையாலும் என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். வரிசையை விட்டு வெளியே வந்து விழாத குறையாக நின்றேன்.

தமிழம்மா என்னைப் பார்த்தார். வேறு யாராவது வருகிறார்களா என்று எனக்குப் பின்னாலும் பார்த்தார்.

“இன்னிக்கு ஒரு நாள்தான்” என்று சீட்டைக் கொடுத்தார். “மெதுவா படி.”

மேடையில் ஏறி மைக் முன்னால் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது என் வகுப்பு இல்லை, மதிலுக்கு மேல் தெரிந்த மார்க்கெட்டுக் கூரை. அதற்குக் கீழே எங்கேயோ நைனா இருக்கிறார். சீட்டைப் பிரித்தேன். மூன்றே செய்தி. “ஏழாம் வகுப்பு ஆசிரியை இன்று விடுப்பு.” ஏழாம். நடுவில் நிறுத்தினேன், ஒட்டாமல், போடாமல். வந்தது. “விழுப்புரத்திலிருந்து மாற்றலாகி வந்துள்ள புதிய அறிவியல் ஆசிரியையை வரவேற்கிறோம்.” அதுவும் வந்தது. பஸ்ஸ்டாண்டுப் பெரியவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். புது டீச்சர் எழுந்து கும்பிட்டார், எல்லோரும் கை தட்டினார்கள், எனக்கே தட்டியது போல இருந்தது. நெஞ்சு இலேசானது. அந்த இலேசில்தான் நாக்கு வீட்டுக்குப் போய்விட்டது.

“நாளை நம் பள்ளியில் சரஸ்வதி பூஜை. மாணவிகள் ஆளுக்கொரு பயம் கொண்டு வரவும்.”

 முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்றாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. ஆறாம் வகுப்புக் குழந்தைகளிலிருந்து பெரிய வகுப்புப் பெண்கள் வரை மைதானமே சிரித்தது. வீட்டில் பயம் தின்கிறவர்களும்தான் சிரித்தார்கள். டீச்சர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “அய்யோ, எங்கிட்ட நெறைய இருக்குதுடி, ஆளுக்கு ஒண்ணு போதுமா?” என்று ஒரு குரல் கேட்டது. தமிழம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

இறங்கி ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இறங்கிவிட்டால் இனி ஏற முடியாது என்பது மட்டும் அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு அடங்கும் வரை நின்றேன். அடங்கியதும் சீட்டில் இருப்பதைப் படிக்கிற அதே குரலில் சொன்னேன்.

“திருத்தம். மாணவிகள் பயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஆளுக்கொரு பழம் கொண்டு வரவும்.”

மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் இது வேறு சிரிப்பு. இந்த முறை சிரிப்போடு கைதட்டலும் சேர்ந்து வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் ஹெச்.எம். தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

தமிழம்மாவின் தோள் குலுங்கவில்லை. வகுப்புக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தினார்.

“சீட்டுல இல்லாததைச் சொல்ல உனக்கு யார் உத்தரவு குடுத்தா?”

“தப்பாச் சொல்லிட்டேன், அதைத் திருத்தினேன், டீச்சர்.”

“திருத்தினது சரி. மீதி யார் எழுதினது?”

 அவர் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார். முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு நாளாவது வாசிக்க வேண்டும் என்று கேட்டேன், அந்த ஒரு நாள் கிடைத்துவிட்டது. அதில் திருப்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏறி நின்று பார்த்த பிறகு ஒரு நாள் போதவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது நைனா எனக்கு முன்பே வந்திருந்தார். சைக்கிளின் பின்னால் ஒரு முழு சீப்பு வாழைப்பழம் கட்டியிருந்தது. அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு இஸ்கூல்ல பூஜையாம். ஆளுக்கு ஒரு பயம் கொண்டாரணுமாம். நம்ம பாப்பாதான் மைக்குல சொல்லுச்சு. மார்க்கெட்டு பூரா கேட்டுது.”

நான் புத்தகப் பையை இறக்காமல் நின்றேன்.

“நீ கேட்டியா, நைனா?”

“கேக்காம? தராசை அப்டியே வச்சிட்டு நின்னேன். எல்லாம் நல்லாத்தான் சொன்ன. எதுக்கு அப்டி சிரிச்சாங்கோ?”

 என் பிழை பிழையென்றே தெரியாத ஒரு இடம் உலகத்தில் இருந்தது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரிடமும் திருத்திச் சொல்ல வேண்டியிருந்த செய்தி, எங்கள் வீட்டுக்கு மட்டும் முதல் தடவையே சரியாக வந்து சேர்ந்துவிட்டது. ஒரு சீப்பாகவும் வந்துவிட்டது.

“சும்மா, சந்தோசத்துல சிரிச்சாங்கோ” என்றேன்.

நைனா பழத்தை அவிழ்த்தார். “பேச்சு அவங்குளுது மாரி இருந்துது. கொரலு நம்மளுது” என்றார்.

நான் அதுவரை ழ வந்துவிட்டால் வீட்டுப் பேச்சு போய்விட வேண்டும் என்று நினைத்திருந்தேன். வீட்டுப் பேச்சு இருந்தால் ழ வராது என்றும் நினைத்திருந்தேன். அன்றோடு அந்த எண்ணம் போனது. அம்மா என்னிடம், “பயத்தை உள்ள எடுத்து வை” என்றார். “சரிம்மா, பயத்தை எடுத்து வெக்கிறேன்” என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன். உள்ளே போய் ஒரு தடவை “பழம்” என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் என் வாயில்தான் இருந்தன.

மறுநாள் பூஜைக்கு வந்த பழத்தை வைக்க மேடையில் இடம் போதவில்லை. மற்ற வருடங்களில் பாதிப் பேர் மறந்துவிட்டு வருவார்கள். இந்த வருடம் ஒருத்தியும் மறக்கவில்லை. கொய்யா, சாத்துக்குடி, மாதுளை, சீத்தா, வாழை. வாசலில் நுழையும்போதே ஒவ்வொருத்தியும் பழத்தைத் தூக்கிக் காட்டி, “வீட்டிலேயே வச்சிட்டு வந்துட்டேன்டி” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். டிரங்குக் கடைக்காரர் மகள் தங்கள் வீட்டு மரத்துக் கொய்யாவை என் கையில் வைத்து, “கழுவிட்டேன். கழுவிட்டேன்னு ஒரு தடவை சொல்லு” என்றாள். சொன்னேன்.

பூஜை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார். தமிழம்மா பக்கத்தில் நின்றார்.

“நேத்து வாசிச்சது நீதானே? அந்தப் பொண்ணு உடம்பு தேறி வர்ற வரைக்கும் நீயே வாசி. சீட்டுல இல்லாததைச் சொல்லணும்னா முன்னாடியே என்கிட்ட வந்து சொல்லிடு. நான் சிரிச்சு முடிச்சிட்டு மேடைக்கு வர்றேன்.”

 பூஜை லீவு முடிந்ததிலிருந்து சீட்டு என் கைக்கு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். ழ இருக்கிற இடங்களில் தமிழம்மா பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருப்பார். எல்லா வரியையும் அந்தப் புள்ளிக்குப் பயந்து படித்தேன். பிறகு பயமில்லாமல் படித்தேன். சில மாதங்களில் புள்ளி நின்றுவிட்டது. புள்ளி இல்லை என்பதே அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இதற்கு நடுவிலேயே அம்மை போட்டிருந்த பெண் திரும்பி வந்தாள், பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று மைக்கை எனக்கே விட்டுவிட்டாள்.

பத்தாம் வகுப்பு முழுவதும் அந்தப் பள்ளியின் செய்தி என் வாயிலிருந்துதான் வந்தது. தையல் டீச்சர் சைக்கிளில் தனியாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்த அன்று, ஹெச்.எம். அனுமதியோடு, சீட்டில் இல்லாத அந்தச் செய்தியை அறிவித்தேன். அறிவியல் டீச்சருக்கு இரட்டைக் குழந்தை என்று நான் சொன்னபோது மார்க்கெட்டிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். ப்ளஸ் டூ எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்தது. பத்தில் நல்ல மார்க் வாங்கி அதிலும் சேர்ந்தேன். அடி அண்ணாமலையில் எங்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் படித்த பெண் நான் ஒருத்திதான் என்பதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கிற பொறுமை எனக்கு இல்லை.

நான் ப்ளஸ் டூ படித்த வருடம் தமிழம்மாவுக்கு ஹெச்.எம். ஆகப் பதவி உயர்வு வந்தது. ஒரு நாள் காலை சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். வழக்கமான ஆபீஸ் கையெழுத்து இல்லை. தமிழம்மாவே எழுதியிருந்தார்.

“நம் பள்ளியின் தமிழாசிரியை விழுப்புரம் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக மாற்றலாகிச் செல்கிறார். வழியனுப்பு விழா வெள்ளிக்கிழமை மாலை ஏழாம் வகுப்புக்கு முன்னுள்ள வேப்ப மரத்து நிழலில் நிகழும். வாழ்த்துப்பா வாசிக்க விழையும் மாணவிகள் எழுதி எடுத்து வரவும்.”

வேண்டுமென்றேதான் எழுதியிருந்தார். தான் போவதை அறிவிக்கிற சீட்டிலும் ஒரு பரீட்சை. நான் மேடையில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, அவசரப்படாமல் வாசித்தேன். ஒன்றுகூட வீட்டுக்குப் போகவில்லை. முடித்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் உதடு லேசாக அசைந்து நின்றது. என்னோடு கூடவே வாசித்திருக்கிறார்.

விழாவுக்கு அவருடைய அம்மாவும் வந்திருந்தார். போளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த வயதான அம்மாள். எல்லோருக்கும் போண்டாவும் மிக்சரும் வாழைப்பழமும் கொடுத்தோம். தட்டை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் போண்டாவை எடுத்துக்கொண்டு கையை ஆட்டினார்.

“பயம் வேணாம்மா. மயைக் காலத்துல பயம் தின்னா எனக்குச் சளி புடிச்சிக்கும்.”

நான் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பினால் தமிழம்மா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு அவர் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் தோலை உரித்தார்.

“ட்ரெயினிங் ஸ்கூல்ல முதல் நாள் பாடம் நடத்த ஏத்தினாங்க. ஒரு வரிதான் பேசினேன். எறக்கி விட்டுட்டாங்க. இன்னொரு பொண்ணுக்கு அந்த அவமானம் வர வேணாம், ஏறவே வேணாம்னு நெனச்சேன்.”

பழத்தைப் பாதியாகப் பிட்டு ஒரு பாதியை என் தட்டில் வைத்தார்.

“நீ ஏறின. எறக்கவும் முடியல.”

 “தேங்க்ஸ், டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பாதியைத் தின்றேன்.

ஊரில் இருந்த கல்லூரியில்தான் பட்டம் படித்தேன். எந்தப் பாடம் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பிறகு பி.எட். முடித்து, இப்போது செங்கம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நானே தமிழம்மா. அங்கே பிரேயரில் பள்ளிச் செய்தி கிடையாது. நான் போய்த்தான் ஆரம்பித்தேன். வாழைப்பழம் சொல்லு என்று யாரையும் கேட்பதில்லை. கை தூக்கினால் மேடைக்கு வரலாம்.

டிரங்குக் கடைக்காரர் மகள் இப்போது டெலிபோன் ஆபீசில் வேலை செய்கிறாள். அப்பா டிரங்குப் பெட்டி, மகள் டிரங்க் கால் என்று நான் கேலி செய்வேன். நாள் முழுவதும் அவளுக்கு “விழுப்புரம் லைன்ல இருக்காங்க, பேசுங்க” என்று சொல்கிற வேலை. அவள்தான் ஒரு நாள் பேப்பரைக் கொண்டு வந்து காட்டினாள். சென்னை வானொலியில் பகுதிநேரச் செய்தி வாசிப்பாளருக்குக் குரல் தேர்வு.

“மனு போடுடி.”

“எனக்கு வேலை இருக்குதே.”

“ஞாயித்துக்கிழமை வாசி. உங்க நைனா தராசை மறுபடியும் ஒரு தடவை கீழ வெக்கட்டும்.”

போட்டேன். தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை பிரேயரில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சீட்டைப் பிரித்து உரக்க வாசித்தாள். “நம்ம தமியம்மா நாளைக்கு விடுப்பு. குரல் தேர்வுக்காகச் சென்னை செல்கிறார்.” தமியம்மா என்றுதான் சொன்னாள். அந்த ஊரில் யாரும் சிரிக்கவில்லை. தமிழ் பீரியட் இல்லை என்ற சந்தோஷத்தில் மைதானமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

போன வாரம் போய்விட்டு வந்தேன். கதவை மூடினால் வெளிச் சத்தமே கேட்காத அறை. எதிரே கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மேசையில் மைக், அதன் கீழே ஒரு தாள். ஒருவர் கையை உயர்த்திக் காட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. தாளின் முதல் வரியைப் பார்த்தேன். வட ஆற்காடு மாவட்டத்தில் பலத்த மழை.

நாக்கை மடக்கி, ஒட்டாமல், போடாமல், வாசித்தேன்.